பாதி லோடான படமும் சகாயம்மாளின் இடது கையும்

சகாயம்மாள் வாயைத் திறந்தால் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓடுகிற மெஷினெல்லாம் வெட்கப்பட்டு நின்றுவிடும். அப்படி ஒரு தொண்டை. ஒருமுறை திருமுல்லைவாயில் ஸ்டேஷன் வாசலில் "யோவ், நில்லுய்யா!" என்று அவள் ஒரு ஆட்டோவைப் பார்த்துக் கத்தியதில் ஆட்டோ நின்றது, எதிரே வந்த தண்ணி லாரி நின்றது, கிளம்பிக்கொண்டிருந்த ஆவடி லோக்கல்கூட அரை நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் போனது. ஆளும் தொண்டைக்கு ஏற்ற சைஸ்தான். ஷேர் ஆட்டோவின் பின்பக்கம் அவள் ஏறி உட்கார்ந்தால் முன்சக்கரம் ஒருதரம் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கும்.

வயது நாற்பத்தெட்டு. படிப்பு நாலாம் வகுப்பு, அதிலும் மழை பெய்த நாளெல்லாம் லீவு. புருஷன் செபாஸ்டியன் பூந்தமல்லியில் ஒரு குடோனுக்கு வாட்ச்மேன். பேசவே மாட்டார். இருவர் பேச வேண்டியதையும் ஒருத்தியே பேசிவிடுவதால் அவருக்குத் தேவையும் ஏற்படவில்லை.

எஸ்டேட்டின் உள்ரோடு ஒன்றில் ஒரு தகரக் கொட்டகைப் பட்டறை. அங்கே பத்தொன்பது வருஷமாகப் பவர் பிரஸ் ஓட்டுகிறாள். ஆறாம் நம்பர் மெஷின். இரும்புத் தகட்டைக் கீழே இருக்கும் அச்சில் வைக்க வேண்டும். மேலே இருந்து நாற்பது டன் தலை ஒன்று இறங்கி 'டொக்' என்று அடிக்கும். தகடு வளைந்து பீஸாகிவிடும். அந்தத் தலைக்குத் தகடு எது, கை எது என்று தெரியாது. இந்த வேலையில் பத்தொன்பது வருஷம் இருந்தும் சகாயம்மாளுக்குப் பத்து விரலும் முழுசாக இருந்தன. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மற்றவர்கள் ஜெபமாலை உருட்டும்போது இவள் விரலை எண்ணுவாள். "பத்தும் கீது மாதாவே" என்பாள். அவள் மெதுவாகச் சொல்வது மூன்று பெஞ்சு தள்ளிக் கேட்கும்.

அந்த மெஷினைச் செய்தவன் நல்ல மனுஷன். வலது பக்கம் ஒரு பட்டன், இடது பக்கம் ஒரு பட்டன் வைத்திருந்தான். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் தலை இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் அச்சுக்குள் வைக்க மூன்றாவது கை யாருக்கும் கிடையாது. ஆபத்தும் கிடையாது. ஆனால் வேலை கொஞ்சம் மெதுவாகும். அதற்குப் பட்டறைப் பெண்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டை வெட்டி, இடது பட்டனை அழுத்தியபடியே இறுக்கிக் கட்டிவிடுவார்கள். அப்புறம் இடது கை தகட்டை வைக்கும், வலது கை பட்டனைத் தட்டும். டொக், டொக், டொக். ஜெட் வேகம்.

அந்த டியூபுக்குப் பட்டறையில் பெயர் 'மாப்ள'. ஒரு வேலையும் செய்யாமல் பட்டனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தே பாதி வேலை தன்னுடையது என்று சொல்லிக்கொள்கிறதே, அதனால். ஆறு மெஷினுக்கும் ஆறு மாப்ளைகள். பீஸ் வாங்குகிற பெரிய கம்பெனியிலிருந்து ஆள் பார்க்க வருகிறார்கள் என்றால் சூப்பர்வைசர் ஹேமநாதன் கொட்டகை வாசலில் நின்று, "யம்மா, மாப்ளங்கள ஊருக்கு அனுப்புங்க!" என்று குரல் கொடுப்பான். ஆறு டியூபும் ஆறு சாப்பாட்டுப் பைக்குள் போய்விடும். வந்தவர்கள் டீ குடித்துவிட்டுப் போனதும் மாப்ளைகள் திரும்பிவிடுவார்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் அந்தப் படக்கதை வந்து விழுந்தது.

ஐந்தாம் நம்பர் மெஷின் ரியா, இரண்டு பிள்ளைக்காரி, ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சகாயம்மாளின் போனை வாங்கி, பிரவுசரில் எதையோ தட்டித் திறந்து கொடுத்தாள்.

"யக்கா, இத படிச்சிப் பாரு. அப்டியே நீதான்."

படத்தில் யானைக்குட்டி சைஸில் ஒரு பொம்பளை. பெயர் சுந்தரவல்லி. ஒரு பட்டறையில் பிரஸ் ஓட்டுகிறாள், ஊரையே திட்டுகிறாள். வாரத்துக்கு ஒரு பக்கம், சனிக்கிழமை காலையில் வரும். யார் வரைகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. கம்பெனி இல்லை, விளம்பரம் இல்லை. யாரோ ஒரு ஆள் தன் வீட்டில் உட்கார்ந்து தானே வரைந்து, தானே எழுதி, தானே இணையத்தில் ஏற்றிவிடுகிறார். கையெழுத்துக்குப் பதிலாக மூலையில் ஒரு குட்டிப் பல்லி இருக்கும். அவ்வளவுதான் அட்ரஸ்.

சகாயம்மாள் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். ஒரு பக்கம் முடிக்க முழுச் சாப்பாட்டு நேரமும் ஆகும். சுந்தரவல்லி முதலாளியைத் திட்டும் இடத்தை மட்டும் நாலு தடவை படிப்பாள், சத்தமாக. ரியா திறந்து கொடுத்த அந்த ஒரு ஜன்னலை எட்டு மாசமாக அவள் மூடவே இல்லை. மூடினால் மறுபடி எப்படித் திறப்பது என்று தெரியாது. பேரன் போனைக் கேட்டால்கூட, "எத வேணா தொடு கண்ணு, அந்தப் பெருக்கல் குறிய மட்டும் தொட்ட, கைய ஒடச்சி அடுப்புல வெச்சிருவேன்" என்று கொஞ்சுவாள்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு லோடு வண்டி. ஹேமநாதன் காலையிலிருந்தே காலில் தீப்பிடித்தவன் மாதிரி ஓடிக்கொண்டிருந்தான். சாப்பாட்டு மணி அடித்ததும் சகாயம்மாள் ஒரு கையில் தயிர்சோறும் ஒரு கையில் போனுமாக உட்கார்ந்தாள். பக்கத்தில் ரியா. எதிரே பேக்கிங்கில் இருக்கும் தாயம்மா.

தாயம்மாவும் ஒரு காலத்தில் பிரஸ்காரிதான். ஆறு வருஷம் முன்னால் இடது கையில் இரண்டு விரலைக் கொடுத்துவிட்டுப் பேக்கிங்குக்குப் போனவள். யாராவது பாவப்பட்டால், "வுடு, ரெண்டு நகம் வெட்ற வேல மிச்சம்" என்பாள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச மாட்டாள்.

தகரக் கொட்டகைக்குள் சிக்னல் வருவது மாமியார் வீட்டில் கறி வருவது மாதிரி. வந்தாலும் பாதிதான். படம் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதல் கட்டத்தில் சுந்தரவல்லி மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டாவதில் இடது பட்டன் மட்டும் பெரிதாக. அதன் மேல் இறுக்கிக் கட்டிய சைக்கிள் டியூப்.

சகாயம்மாள் சோற்றை மெல்வதை நிறுத்தினாள்.

"ஏய் ரியா. நம்ம மாப்ளடி."

மூன்றாவது கட்டம் இறங்கியது. சுந்தரவல்லியின் இடது கை அச்சுக்குள்ளே. தகடு கோணலாக மாட்டிக்கொண்டதை நிமிண்டிக்கொண்டிருக்கிறாள். முகம் வேறு எங்கோ திரும்பியிருக்கிறது. வலது கை பட்டனுக்கு ஒரு விரற்கடை மேலே, இறங்கிக்கொண்டிருக்கிறது.

அங்கேயே நின்றது. அதற்குக் கீழே சாம்பல் கலரில் ஒரு பெரிய வெறும் கட்டம். ஒரு சின்ன வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

"வர்து வர்து, இரு" என்றாள் ரியா.

வட்டம் சுற்றியது. சகாயம்மாள் போனைத் தலைக்கு மேலே தூக்கினாள், ஜன்னல் பக்கம் காட்டினாள், தட்டினாள், ஊதினாள். தயிர்சோறு காய்ந்தது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மணி அடித்தது.

"கெளம்புங்க, கெளம்புங்க! அஞ்சி மணிக்கு வண்டி!" ஹேமநாதனின் குரல்.

சகாயம்மாள் போய் ஆறாம் நம்பர் முன்னால் உட்கார்ந்தாள். இடது பட்டனில் அவளுடைய மாப்ள ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. பத்தொன்பது வருஷத்தில் எத்தனை மாப்ள மாறியிருக்கும். ஒருநாளும் அதை உற்றுப் பார்த்ததில்லை. இன்றைக்கு அது அவளைப் பார்த்தது.

ஒரு தகட்டை எடுத்து அச்சில் வைத்தாள். வலது கை தானாகப் பட்டனுக்குப் போனது. பாதி வழியில் நிறுத்தினாள். கண்ணுக்குள் அந்த மூன்றாவது கட்டம். இடது கையை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் தட்டினாள். டொக். அடுத்த தகடு. மறுபடியும் அதே படம். மூன்றாவதிலும் அதே. நாலாவதை வைக்கவில்லை. டியூபின் முடிச்சை அவிழ்த்து, பக்கத்து ஆணியில் மாட்டினாள்.

பட்டறையில் சத்தம் மாறினால் ஹேமநாதனுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். ஆறாம் நம்பர் 'டொக், டொக்' என்று ஓடாமல் 'டொக்… டொக்…' என்று நடந்தது. பத்து நிமிஷத்தில் வந்து நின்றான்.

"இன்னாக்கா, மெஷினுக்கு ஜொரமா?"

"எனக்குத்தான் நைனா."

"மாப்ள எங்க?"

"ஆணில தொங்குறாரு."

"வெளாடாதக்கா. ஏற்கெனவே லோடு லேட்டு. எடுத்துக் கட்டு."

"கட்றேன். படம் முழுசா வரட்டும், அப்பால கட்றேன்."

"இன்னா படம்?"

சகாயம்மாள் போனை எடுத்துக் காட்டினாள். சுந்தரவல்லி, அச்சுக்குள் கை, கீழே சாம்பல் கட்டம். ஹேமநாதன் பார்த்தான். பிறகு சகாயம்மாளைப் பார்த்தான். பிறகு, இவ்வளவு வேலையையும் விட்டுவிட்டு எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று தன்னையே பார்த்தான்.

"யக்கா, இது பொம்ம. எவனோ வெட்டியா குந்திகினு கிறுக்கினது. இதுக்கோசரம் லோட நிறுத்துவியா?"

"பொம்மக்கு வெரலு போச்சான்னு தெரியாம எனக்குக் கையி வர மாட்டேங்குது நைனா. நான் இன்னா செய்யட்டும்?"

பக்கத்தில் ரியா சிரிப்பை அடக்கினாள். ஆனால் அவளும் தன் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் சிரித்தாள். அதைக் கண்டதும் ஹேமநாதனுக்குப் பகீரென்றது. ஆறு மெஷினும் நடக்க ஆரம்பித்தால் வண்டி திங்கட்கிழமைதான் கிளம்பும். சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்தான்.

"இந்தா, என் நெட்ட ஆட்ஸ்பாட்ல வுட்றேன். ஒரே நிமிசம். பாரு, பாத்துட்டு மாப்ளய கட்டு. சரியா?"

"நீ தங்கம் நைனா."

மூன்று தலைகளும் போன் மேல் குனிந்தன. நாலாவதாகத் தாயம்மாவும் வந்து பின்னால் நின்றாள். படத்தை மறுபடி ஏற்றும் வளைந்த அம்பை ரியா தட்டினாள். திரை ஒரு கணம் வெள்ளையானது.

சுந்தரவல்லி வரவில்லை. கையும் வரவில்லை. நடுவில் ஒரு குட்டி டைனோசர் நின்றுகொண்டிருந்தது.

"ஐயோ! பல்லி இவ்ளோ பெருசா ஆயிட்ச்சி!" என்று கத்தினாள் சகாயம்மாள்.

"யக்கா, நெட்டு இல்லனா இது வரும். இவரு போன்லயும் சிக்னல் இல்ல" என்றாள் ரியா.

"இருந்த பாதியும் போச்சே! எட்டு மாசம் மூடாம வெச்சிருந்தேனே!"

அவள் போட்ட கூச்சலில் தெருக்கோடி லேத் பட்டறையிலிருந்து ஒருத்தர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஜன்னல் போகவில்லை, நெட் வந்ததும் தானாக வரும் என்று ரியா மூன்று தடவை சத்தியம் செய்த பிறகுதான் அடங்கினாள். ஹேமநாதனின் பொறுமையும் அதோடு அடங்கிவிட்டது.

"யக்கா, நல்லா கேட்டுக்க. இன்னிக்கி மாப்ள கட்டாம ஓட்னா, திங்கக்கெழம நீ பேக்கிங். ஆறாம் நம்பருக்கு வேற ஆள உக்கார வெச்சிருவேன்."

ஆறாம் நம்பர் சகாயம்மாளுடையது. மாதா படம் ஒட்டி, வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய்த் துணியால் துடைத்து, அதோடு பேசி, சண்டை போட்டு வைத்திருந்தாள். அவள் தாயம்மாவைப் பார்த்தாள். தாயம்மா இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

"நான் ரெண்டு கையிலயும் ஜல்தியா ஓட்றேன் நைனா. பாரு" என்றாள் சகாயம்மாள்.

ஓட்டினாள். தகட்டை வை, இரண்டு கையையும் எடு, இரண்டு பட்டனையும் அழுத்து. வை, எடு, அழுத்து. நெற்றி வியர்வை மூக்கு நுனிக்கு வந்து, அங்கிருந்து எந்தப் பக்கம் விழுவது என்று யோசித்தது. பத்தொன்பது வருஷப் பழக்கம் லேசில் போகுமா? வலது கை சொன்ன பேச்சைக் கேட்கவே இல்லை. இடது கை உள்ளே இருக்கும்போதே அது பட்டனுக்குப் பறந்தது. ஒவ்வொரு தடவையும் இழுத்துப் பிடித்தாள். "இரு நாயே, இரு" என்று தன் கையையே திட்டினாள்.

மூன்று மணிக்கு ஹேமநாதன் வந்து பெட்டியை எட்டிப் பார்த்தான். நாலு மணிக்கு வந்து பெருமூச்சு விட்டான். நாலே முக்காலுக்கு லோடு வண்டி முன்னாலேயே வந்து வாசலில் நின்றது. ஹேமநாதனின் போன் அடித்தது. முதலாளி. "சார்… ஆயிடும் சார்… இதோ சார்…" என்று குழைந்தபடியே அவன் நேராக ஆறாம் நம்பருக்கு வந்தான். போனைப் பைக்குள் போட்டான். ஆணியில் தொங்கிய டியூபைக் கையில் எடுத்தான்.

"எந்திரிக்க வேணாம். நீ பாட்டுக்கு ஓட்டு. நானே கட்றேன்."

"வேணாம் நைனா."

"கைய எடுக்கா. அஞ்சே நிமிசம், பேஜார் பண்ணாத."

"வேணாம்னு சொல்றேன் இல்ல!"

சொல்லிக்கொண்டே ஒரு தகட்டை வைத்தாள். கோணலாக விழுந்தது. இடது கையை உள்ளே விட்டு நிமிண்டினாள். ஹேமநாதன் டியூபை இழுத்து இடது பட்டனுக்கு நேராகக் குனிந்தான். அவன் எங்கே கட்டிவிடுவானோ என்று அவள் முகம் அவன் பக்கம் திரும்பியது. அந்த நேரம் பார்த்து வாசலில் வண்டிக்காரன் ஹாரனை அழுத்தினான். எஸ்டேட் முழுக்க எழுந்து உட்காரும் அளவுக்கு ஒரு ஹாரன்.

சகாயம்மாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வலது கை தட்டியது.

பட்டென்று, முழுசாக, பத்தொன்பது வருஷப் பழக்கத்தோடு தட்டியது. இடது கை மணிக்கட்டு வரை அச்சுக்குள் இருந்தது.

ஒன்றும் நடக்கவில்லை.

நாற்பது டன் தலை மேலேயே நின்றது. இடது பட்டன் சும்மா, யாரும் தொடாமல் இருந்தது. ஹேமநாதனின் கையில் டியூப் இழுத்தபடி இருந்தது, பட்டனிலிருந்து நாலு விரற்கடை தூரத்தில்.

சகாயம்மாள் வலது கையைப் பட்டனிலிருந்து எடுக்கவில்லை. எடுக்கத் தெரியவில்லை. இடது கையை மட்டும் மெதுவாக, பாம்புப் புற்றிலிருந்து எடுப்பது போல வெளியே எடுத்தாள். கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். கட்டை விரலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக மடக்கினாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவள் தொண்டையிலிருந்து சத்தம் வராததை அந்தப் பட்டறை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தது.

ரியாவின் மெஷின் நின்றது. நாலாம் நம்பர் நின்றது. ஒவ்வொன்றாக எல்லாம் நின்றன.

ஹேமநாதன் பீஸ் பெட்டி மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். முகத்தில் சுண்ணாம்பு அடித்தது மாதிரி இருந்தது.

"யக்கா… நான்… ஒரு செகண்டு முன்ன கட்டியிருந்தன்னா…"

"கீதுடா" என்றாள் சகாயம்மாள். குரல் எலிக்குஞ்சு மாதிரி வந்தது. "அஞ்சும் கீது."

தாயம்மா பேக்கிங்கிலிருந்து வந்தாள். முந்தானைக்குள் வைத்திருந்த கையை வெளியே எடுத்து, அந்த மூன்று விரலால் சகாயம்மாளின் ஐந்து விரலையும் பிடித்துக்கொண்டாள். ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா நகம் இவ்ளோ வளத்து வெச்சிகினு கீற?" என்றாள். "ஊட்டுக்குப் போயி ஒயுங்கா வெட்டு."

சகாயம்மாள் சிரிக்க ஆரம்பித்து அழுதாள். அழ ஆரம்பித்ததும்தான் தொண்டை திரும்பி வந்தது. வாசலில் இருந்த வண்டிக்காரன் இஞ்சினை அணைத்துவிட்டு உள்ளே ஓடிவந்தான்.

லோடு ஆறே காலுக்குக் கிளம்பியது. வானம் இடிந்து விழவில்லை. முதலாளி போனில் பேசினதற்கெல்லாம் ஹேமநாதன் "ஆமா சார், மெஷின்ல பிராப்ளம் சார்" என்று ஒரே பதிலைச் சொன்னான். ஆறாம் நம்பர் டியூபைப் பேன்ட் பைக்குள் திணித்துக்கொண்டான், திருப்பித் தரவில்லை. பேக்கிங் பேச்சையும் எடுக்கவில்லை. மற்ற ஐந்து பேரில் ரியா மட்டும் தன் மாப்ளையை அவிழ்த்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள். மூன்றாம் நம்பர்காரி தன்னுடையதை அவிழ்த்தாள், பார்த்தாள், சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை என்ன செய்வாளோ தெரியாது. மற்ற மூவரும் மெஷினைத் துணி போட்டு மூடிவிட்டு, பேசாமல் போனார்கள்.

சகாயம்மாளும் ரியாவும் அம்பத்தூர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ரயிலுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. அங்கே சிக்னல் தாராளம். சகாயம்மாள் போனை எடுத்தாள். டைனோசர் போயிருந்தது. சுந்தரவல்லி வந்திருந்தாள்.

"யக்கா, வேணாம். நாளைக்கிப் பாத்துக்கலாம்" என்றாள் ரியா.

"இன்னிக்கே பாக்கணும்டி. இத பாக்காம எனக்குச் சோறு எறங்காது."

முதல் கட்டம். இரண்டாவது கட்டம். டியூப். மூன்றாவது கட்டம். அச்சுக்குள் இடது கை, இறங்கும் வலது கை. சகாயம்மாள் பெருவிரலால் மெல்ல மேலே தள்ளினாள். சாம்பல் கட்டம் இருந்த இடம் வந்தது.

வெறும் வெள்ளை. படமே இல்லை. நடுவில் கையெழுத்தில் நாலு வரி இருந்தது. பக்கத்தில் குட்டிப் பல்லி, வாயில் தெர்மாமீட்டர் வைத்துப் படுத்திருந்தது. சகாயம்மாள் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"மன்-னிக்-கவும். மூன்று நாளாகக் காய்ச்-சல். இதற்கு மேல் வரைய முடியவில்லை. மீதி அடுத்த வாரம்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்போ கீழ ஒண்ணுமே இல்லியா?" என்றாள் ரியா. "நீ பாட்டுக்கு படத்துக்கு வெய்ட் பண்ணிகினு, மாப்ளய அவுத்துப் போட்டு…"

சகாயம்மாள் திரையை இன்னும் தள்ளினாள். கீழே வாசகர்கள் எழுதும் பெட்டி ஒன்று இருந்தது. எட்டு மாசத்தில் அவள் அதைத் தொட்டதில்லை. "இதுல எப்டிடி சொல்றது?" என்று கேட்டாள். ரியா மைக் குறியைத் தட்டிக் கொடுத்தாள். சகாயம்மாள் போனை வாய்க்கு நேராகப் பிடித்தாள். தொண்டை முழுசாகத் திரும்பியிருந்தது. பிளாட்பாரத்தில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தோ பாரு கண்ணு, நீ ஆரா இருந்தாலும் மாத்தர போட்டுகினு நல்லா தூங்கு. அடுத்த வாரம் முடியலன்னாலும் பரவால்ல, அதுக்கு அடுத்த வாரம் வரஞ்சிக்க. ஆனா வரையறப்போ அவ வெரல எடுத்துராத. மொதல்ல அந்த டியூப கழட்டிடு. மிசினு நிக்கும். நான் பாத்தேன்."